பொருட்பதிவேட்டில் 417

ஹெர்டிங்கன் நகர நாடக அரங்கத்தின் பொருட்பதிவேட்டில் 416ஆம் இலக்கம் ஓர் ஆடும் நாற்காலி. இடது கால் சற்றுப் பழுது. 418ஆம் இலக்கம் பஞ்சடைத்த நரி. இரண்டுக்கும் நடுவில் 417ஆம் இலக்கமாக நாகமுத்து இருந்தார். "அகதி, ஆண், ஒன்று. நிலை: நன்று" என்று எழுதி, மேடைப் பொருட்களுக்குப் பொறுப்பான அம்மையார் கையொப்பமும் இட்டிருந்தார்.

அவரை அவமானப்படுத்த வேண்டும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு வீண் பழி வரும். எல்லாம் சட்டத்தை மதிக்கப் போய் வந்த வினை. அகதி அந்தஸ்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர் ஐந்து வருடத்துக்கு வேலை செய்யக் கூடாது. மேடையில் ஏறி எதையாவது செய்தால் அது வேலை. அரங்கத்துக்கோ நாகமுத்து மேடையில் வேண்டும். மூன்று மாதம் கடிதம் போய்க் கடிதம் வந்தபின், அரங்கத்தின் சட்ட ஆலோசகர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆள் வேலை செய்வதைத்தான் சட்டம் தடுக்கிறது, பொருள் மேடையில் இருப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உடனே ஒரு மட்டைத் துண்டில் 417 என்று எழுதி, நூல் கோத்து, நாகமுத்துவின் சட்டைப் பொத்தானில் கட்டிவிட்டார்கள். மட்டையின் பின்பக்கத்தில் "ஈரம் படாமல் வைக்கவும்" என்று இருந்தது. அவருக்குக் கிடைத்த தேநீரும் பாணும் "பொருட் பராமரிப்பு" என்ற தலைப்பில் சேர்ந்தன.

நாகமுத்து மறுப்புச் சொல்லவில்லை. பருத்தித்துறை வீதியில் பதினாறு வருடம் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்த மனிதர். அரசாங்கம் மார்பில் ஒரு இலக்கத்தைக் குத்தி நிற்கச் சொன்னால் நிற்பது அவருக்குப் பழக்கம். ஹெர்டிங்கன் என்பது கெல்சென்கிர்ச்சனிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். அங்கே ஒரு பழைய சுரங்கத் தொழிலாளர் விடுதியை ஹைம், அதாவது அகதிகள் தங்குமிடம், ஆக்கியிருந்தார்கள். அறைக்கு ஆறு பேர். எண்பத்தைந்தாம் ஆண்டு கிழக்கு பேர்லின் வழியாக வந்து இறங்கியவர், இரண்டு வருடமாகத் தினமும் காலையில் தபால்காரனின் மஞ்சள் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். அவருக்கு வேண்டியது ஒரேயொரு கடதாசி. 'இவர் அகதிதான்' என்று எழுதிச் சீல் குத்திய கடதாசி. அது வந்தால் மனைவி பாலாம்பிகையையும் ஒன்பது வயது மல்லிகாவையும் கூப்பிடலாம். அவர்கள் அப்போது ஊரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், நாற்பது குடும்பங்களுக்கு நடுவே, ஒரு மேசைக்குக் கீழே குடியிருந்தார்கள்.

இனி கிஞ்சி முரோதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முரோதா ஜப்பானியர். படம் எடுப்பவர், நாடகம் போடுபவர். எப்படிப்பட்ட படம் என்றால், ஒரு முத்திரை கடதாசியை நோக்கி இறங்கும், தொண்ணூறு நிமிடம் இறங்கும், அது கடதாசியைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை இருக்கும்போது படம் முடிந்துவிடும். இன்னொரு படத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள் தியேட்டருக்கு வெளியே வரிசையில் நின்றார்கள்; கதவு திறக்கவேயில்லை, அந்த வரிசைதான் படம். இதையெல்லாம் அவர் விளையாட்டுக்குச் செய்யவில்லை. சண்டை தோற்ற வருடம் மஞ்சூரியாவிலிருந்து துரத்தப்பட்ட ஜப்பானியக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. பத்து வயதில் தாயோடு ஒரு துறைமுகக் கொட்டகையில் நாலு மாதம் கிடந்தார். கப்பலேற ஒரு முத்திரை வேண்டும். முத்திரை அதிகாரியிடம் இருந்தது, அதிகாரிக்கு அவசரமில்லை. ஒரு நாள் கொட்டகைச் சமையற்காரன் அந்த முத்திரையைத் திருடி, வரிசையில் நின்ற எல்லாருடைய புறங்கையிலும் குத்திவிட்டான். எல்லாரும் கப்பலேறினார்கள். சமையற்காரனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு முரோதா செய்ததெல்லாம் அந்தச் சமையற்காரனைத் தேடிய தேடல்தான். அவருடைய 'காத்திருப்பவர்' என்ற நாடகத்துக்கு வசனம் கிடையாது. அரைப் பக்கக் குறிப்பு மட்டும்: "உண்மையிலேயே எதற்காகவோ காத்திருக்கும் ஒருவரை மேடையில் இருத்துங்கள். எதற்குக் காத்திருக்கிறார் என்று அவர் சொல்லட்டும். பார்க்க வந்தவர்களில் யாராவது அதைக் கொடுத்தவுடன் நாடகம் முடிந்தது." தோக்கியோவில் முதன்முதலாகப் போட்டபோது ஒரு கிழவி சுடுதண்ணீருக்குக் காத்திருந்தாள். இருபதாவது நிமிடத்தில் பக்கத்துத் தேநீர்க்கடைக்காரன் ஒரு வாளியில் கொண்டுவந்து வைத்தான். கிழவி கால் கழுவினாள். எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

ஹெர்டிங்கனில் அந்த நாடகம் அறுபத்தொரு தடவை நடந்தது.

நடத்தியவர் அரங்கத்தின் தலைமை இயக்குநர் டொக்டர் வெய்ட்ஸ். முரோதாவின் படைப்பில் காலம் என்பதைப் பற்றி அறுநூறு பக்கத்தில் ஆய்வு எழுதியவர். ஜப்பானுக்குப் போனதில்லை, விமானம் ஒத்துக்கொள்ளாது. தொடக்க விழாவில் அவர் பேசியது பத்திரிகையில் முழுதாக வந்தது.

"நாங்கள் உதவி செய்யும் நிறுவனம் அல்ல. உதவி என்பது வேறு திணைக்களம், அவர்கள் இரண்டாம் மாடி. நாங்கள் பார்க்கும் நிறுவனம். துன்பத்தை இந்த நகரத்தில் எங்களைப்போல் நன்றாகப் பார்ப்பவர்கள் இல்லை என்று பெருமையோடு சொல்வேன். இந்தப் புதிய இருக்கைகளும் அதற்காகத்தான்."

ஒத்திகைக்கு மொழிபெயர்க்க ஆஹெனிலிருந்து சேதுராமன் என்ற மாணவனைப் பிடித்தார்கள். கும்பகோணத்துக்காரன், இயந்திரவியல் படிக்க வந்தவன், நல்ல பையன். முதல் நாள் நாகமுத்து தன் கதையை அவனிடம் சொன்னபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதை பெரிதல்ல. ஒரு காலைப் பஸ். அதில் நாகமுத்து கொண்டக்டர். அவருடைய தம்பி சிறீதரன் பின் ஆசனத்தில். சந்தியில் ஆமி மறித்து இளம் ஆட்களை இறக்கியது. சிறீதரனும் இறங்கினான். இறங்கும்போது, "அண்ணை, மிச்சக் காசைப் பிறகு வாங்கிறன்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். பஸ்ஸை எடுக்கச் சொன்னார்கள். எடுக்க வேண்டுமென்றால் கொண்டக்டர் மணியடிக்க வேண்டும். நாகமுத்து மணிக்கயிற்றை இழுத்தார். பஸ் போனது. அதன்பிறகு முகாம் வாசலில் பதினொரு நாள் நின்றார். தம்பி உள்ளே இல்லை என்றார்கள். பன்னிரண்டாம் நாள் இவரையே தேடி வந்தார்கள்.

டொக்டர் வெய்ட்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சேதுராமனிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

"அண்ணா, டைரக்டர் என்ன சொல்றார்னா, கதை ரொம்ப பவர்ஃபுல். ஆனா அந்த மணி அடிக்கிற இடம் ரொம்ப ஃபாஸ்ட்டா போயிடுது. தம்பி இறங்கின உடனே அடிச்சிடறீங்க. அங்க ஒரு கேப் வேணுமாம். ஏழு எண்ணிட்டு அடிங்கன்றார்."

"உடனதானே தம்பி அடிச்சனான்," என்றார் நாகமுத்து.

சேதுராமன் அதை மொழிபெயர்த்தான். வெய்ட்ஸ் பரிவோடு சிரித்து, நடந்தது வேறு உண்மை வேறு என்றார். அன்று மாலையே நகரப் போக்குவரத்துப் பணிமனையிலிருந்து பழைய ட்ராம் மணியொன்றைக் கயிற்றோடு கொண்டுவந்து கட்டினார்கள். அதற்கு 419.

நாகமுத்து கெட்டிக்காரர் அல்ல, சொன்னதைச் செய்பவர். எந்த இடத்தில் தோளைத் தாழ்த்துவது, எந்த வார்த்தையில் குரலை விடுவது, எல்லாம் படித்தார். ஏழு எண்ணுவது மட்டும் அவருக்கு மனதுக்குள் வரவில்லை. உதடு அசைந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் அதைப் பிரார்த்தனை என்று நினைத்தார்கள்.

மேடையில் எப்போதும் இந்த ஒழுங்குதான்: நாற்காலி, நரி, நாகமுத்து. அவர் தமிழில் சொல்வார், சேதுராமன் பக்கத்தில் நின்று ஜேர்மனில் சொல்வான். கடைசியில், "எனக்கு ஒரு கடதாசி வேணும், அதுக்காக இருக்கிறன்" என்று முடித்து உட்காருவார். சனம் ஒரு மணித்தியாலம் அவரைப் பார்க்கும். பிறகு கைதட்டும். முதல் வாரத்தில் நாகமுத்து ஒவ்வொரு நாளும் யாராவது எழுந்து வருவார்கள் என்று வாசற்பக்கம் பார்த்தார், ஏனென்றால் நாடகத்தின் விதி அதுதான் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு பெண் எழுந்து வந்து தன் கம்பளிக் கையுறையைக் கொடுத்தாள். அது பிழையான வாசிப்பு என்று அவளுக்கு விளக்கித் திருப்பி அனுப்பினார்கள்.

நாலாம் வரிசையில் பச்சைக் கழுத்துத்துண்டு கட்டிய ஒருவர் மூன்று தடவை வந்தார். மணியடிக்கும் இடத்தில் கழுத்துத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். பாவம், நல்ல இளகிய மனிதர் என்று நாகமுத்து நினைத்தார்.

ஸ்டுட்கார்ட்டில் ஒரு விழாவுக்கு அழைப்பு வந்தது. அகதி விண்ணப்பக்காரர் தன் மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியேறக் கூடாது, ஆனால் 417 வெளியேறலாம். பொருட்களுக்கான ஏற்றுச்சீட்டுப் போதும். லொறியின் பின்பக்கத்தில் நரிக்கும் நாற்காலிக்கும் இடையில் ஐந்து மணித்தியாலம் போனார். நாடகம் முடிந்தபின் அந்த ஊரிலிருந்த யோசேப்பு என்ற யாழ்ப்பாணத்துக்காரர் ஒரு சோற்றுப் பார்சலோடு மேடைக் கதவுக்கு வந்தார். காப்புறுதி நிபந்தனைப்படி வெளியார் பொருட்களைத் தொடக் கூடாது என்று காவலாளி சொல்லிவிட்டான். யோசேப்பு பார்சலை நரியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அறுபத்தோராவது தடவைக்கு முரோதாவே வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஈரல் நோயால் மஞ்சளாகிப்போன முகம், கையில் தடி. நகரபிதா வரவேற்றார். அவர் இருமியதைக்கூட ஒரு விமர்சகர் குறித்துக்கொண்டார். முன்வரிசையில் அமர்ந்து நாடகத்தைப் பார்த்தார். நாகமுத்து கடதாசி வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆனதும் எழும்பினார். தடியால் நிலத்தில் அடித்து ஜப்பானிய மொழியில் சத்தமிட்டார். அவருடைய மொழிபெயர்ப்பாளப் பெண் அதை ஜேர்மனில் சொன்னாள்.

"இந்த ஆள் தனக்கு என்ன வேண்டுமென்று சொல்லிவிட்டார். உங்களில் யாரிடம் அது இருக்கிறது? எழும்பிக் கொடுங்கள். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்."

ஒருவரும் எழும்பவில்லை. நாலாம் வரிசையில் பச்சைத் துண்டு முகத்துக்கு ஏறியது. பிறகு எங்கிருந்தோ ஒருவர் கைதட்டத் தொடங்க, எல்லாரும் எழுந்து நின்று பன்னிரண்டு நிமிடம் தட்டினார்கள். முரோதா கையை வீசி நிறுத்தச் சொன்னார். கைதட்டல் இன்னும் கூடியது. வெய்ட்ஸ் மேடையேறி, ஆசான் தன் நாடகத்தைத் தானே உடைத்துக் காட்டிவிட்டார், இதற்கு மேல் கலை போக இடமில்லை என்று கண்ணீரோடு அறிவித்தார்.

சனம் போனபின் முரோதா மேடைக்குப் பின்னால் வந்து, நரிக்குப் பக்கத்தில் நாகமுத்துவோடு தரையில் உட்கார்ந்தார். பேச்சு ஜப்பானியத்திலிருந்து ஜேர்மனுக்கும் ஜேர்மனிலிருந்து தமிழுக்கும் நொண்டி நொண்டி வந்தது. மணியடிக்க முதல் உதட்டால் எண்ணுகிறீர்களே, ஏன் என்று கேட்டார்.

"அவையள் ஏழு எண்ணச் சொன்னவை ஐயா."

அன்றைக்கு எத்தனை எண்ணினீர்கள் என்று கேட்டார்.

"எண்ணேல்லை. ஆமிக்காரன் போ எண்டான். உடன அடிச்சிட்டன்." பிறகு சொன்னார்: "ஏழு எண்ணியிருந்தா அவன்ர முகத்தையாவது ஒருக்காப் பார்த்திருப்பன்."

முரோதா சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு கொப்பியை எடுத்து நாகமுத்துவின் பெயரையும் விண்ணப்ப இலக்கத்தையும் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தார். மறுநாள் முரோதா ஊருக்குப் போய்விட்டார்.

அந்த வருட முடிவில் நாடக விமர்சகர் சங்கம் நாகமுத்துவுக்கு ஒரு பரிசு கொடுத்தது. பரிசு என்றால் தடித்த கடதாசியில் ஒரு சான்றிதழ். அடியில் பொன்னிற முத்திரை, பக்கத்தில் மூன்று கையொப்பம். நாகமுத்துவின் ஜேர்மன் பஸ் டிக்கெட் வாசிக்கும் அளவுக்குத்தான் இருந்தது. ஹைமில் மூத்தவர் அரியரத்தினம் அண்ணை. நாலு வருட அனுபவம். அவர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"மேடு தட்டுது. நல்ல சீல்," என்றார். "இஞ்சை சீல்தான் ராசா. உன்ர விசாரணைக்கு இதையும் கொண்டுபோய்க் குடு. ஜேர்மன்காரன் குத்தின சீலை ஜேர்மன்காரன் தட்டமாட்டான்."

ஹைமில் எல்லாரிடமும் ஒரு பிளாஸ்டிக் கோவை இருந்தது. கிளினிக் சீட்டு, நூலக அட்டை, யாரோ தேவாலயத்தில் கொடுத்த நத்தார் வாழ்த்து, சீல் விழுந்த எதையும் எறியமாட்டார்கள். நாகமுத்து சான்றிதழைத் தன் கோவையின் முதல் உறையில், மேலேயே தெரியும்படி வைத்தார்.

விசாரணைக்குக் குறித்த டெர்மின் நாள் தை மாதம் வந்தது. அகதி அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் கிடைக்கவில்லை, ஆகவே சேதுராமனையே கூப்பிட்டார்கள். தெரிந்த முகம் என்று நாகமுத்துவுக்குச் சந்தோஷம். அறைக்குள் போனதும் சந்தோஷம் இரட்டித்தது. கதவின் பின்னால் ஒரு பச்சைக் கழுத்துத்துண்டு தொங்கியது. மேசைக்குப் பின்னால் அதற்குச் சொந்தக்காரர், விசாரணை அதிகாரி ஹெர் ஓபர்மான்.

அவர் எழுந்து கைகொடுத்தார். நாகமுத்து கோவையைத் திறந்து சான்றிதழை இரண்டு கையாலும் நீட்டினார். ஹெர் ஓபர்மான் அதை வாய்விட்டு வாசித்தார். சேதுராமன் கடமைக்கு மொழிபெயர்த்துக்கொண்டு வந்தவன் நடுவில் திக்கினான்.

"'அகதி வேடத்தில்... அனைவரையும் நம்ப வைத்த நடிப்புக்காக.' அண்ணா, இதை ஏன் கொண்டு வந்தீங்க?"

"சீல் இருந்தது தம்பி," என்றார் நாகமுத்து.

சான்றிதழ் கோப்பில் சேர்க்கப்பட்டது. நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். நாகமுத்து சொல்லத் தொடங்கினார், தோள் தன்பாட்டில் தாழ்ந்தது. காலைப் பஸ்ஸில் குரல் கீழே போனது, சந்தியில் நின்றது. சேதுராமனும் பழகிப்போனவன். அறுபத்தொரு தடவை சொன்ன வசனம் அவன் வாயில் தயாராக இருந்தது. நாகமுத்து "தம்பி இறங்கினவன்" என்று சொல்லி நிற்க, அவன் மிச்சக் காசையும் சொல்லி, பஸ்ஸையும் எடுத்து, முகாம் வாசலில் பதினொரு நாளையும் முடித்துவிட்டான். ஹெர் ஓபர்மான் பேனையை வைத்துவிட்டு, விண்ணப்பதாரர் இன்னும் அதைச் சொல்லவில்லையே என்றார். சேதுராமனின் முகம் செத்துப்போனது. நாகமுத்துவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் கண்ணை மூடி உதட்டால் எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு வந்ததும் கை மேலே போய் வெறும் காற்றில் கயிற்றை இழுத்தது.

ஹெர் ஓபர்மான் பழைய கோப்பொன்றை எடுத்தார். எண்பத்தைந்தில் பொலிஸில் கொடுத்த முதல் வாக்குமூலம். அதில் "உடனே மணியடித்தேன்" என்று இருந்தது. இன்றைக்கோ நீண்ட தாமதம் காட்டப்பட்டது. எது சரி என்று கேட்டார்.

"உடன அடிச்சதுதான் சரி ஐயா. இது நாடகத்துக்குச் சொல்லித் தந்தது."

அதை அப்படியே மொழிபெயர்ப்பதைத் தவிர சேதுராமனுக்கு வேறு வழியிருக்கவில்லை. ஹெர் ஓபர்மான் கனிவோடு நாகமுத்துவைப் பார்த்தார்.

"நான் உங்களை மூன்று தடவை பார்த்தேன். இரண்டாவது தடவை என் மனைவி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதனால் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். நான் உணர்ச்சியை அரங்கத்தில் முழுவதுமாகச் செலவழிப்பவன், அப்போதுதான் இங்கே மிச்சமில்லாமல் நீதியாக நடக்க முடிகிறது. மேடையில் நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நம்பினேன். அவ்வளவு நம்பும்படி சொல்லக்கூடியவர் இங்கே வந்து சொன்னால், நான் எப்படி நம்புவது?"

மூன்று வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. அதுவும் நல்ல சீல். சொந்தச் செலவில் ஒரு பாதிரியார் பிடித்துக்கொடுத்த வழக்கறிஞர், மேன்முறையீடு போடலாம், ஆனால் இவர் நடிகர் அல்ல என்று யாராவது எழுதித் தர வேண்டும் என்றார். நாகமுத்து வெய்ட்ஸிடம் போனார். வெய்ட்ஸ் மறுப்புக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். முரோதாவைப் பற்றி இதைவிட ஆழமான விமர்சனம் இந்த நாட்டில் எழுதப்படவில்லை என்று சொல்லி, அரங்கத்தின் பருவ மலரில் போட ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். எழுதித் தருவதுதான் முடியாது. நடிப்பில்லை என்று எழுதினால், அரசு நிதி கலைக்கென்று தரப்பட்ட நிதி, அது சிக்கலாகும். நடிகரல்லாத ஆள் என்று எழுதினால், ஆளை வேலைக்கு வைத்ததாகிவிடும். பொருள் என்று வேண்டுமானால் எழுதலாம், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. நாகமுத்து அதற்கும் சம்மதித்தார். பொருட்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் இல்லை என்று அப்புறம் தெரிந்தது.

தோக்கியோவில் முரோதா அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுப்புச் செய்தி அந்த மொழிபெயர்ப்பாளப் பெண் மூலம் அவர் காதுக்குப் போயிருக்க வேண்டும். எழுந்து உட்கார முடியாத நிலையில் தூரிகையைக் கேட்டு வாங்கி ஒரு கடிதம் எழுதினார். நாடகமோ படமோ எழுதுகிற ஆள் ஒரு பொய்க்கணக்கும் இல்லாமல் எழுதின ஒரே எழுத்து அதுதான் என்று நினைக்கிறேன்.

"அகதி அலுவலக அதிகாரிக்கு. முப்பது வருடமாக நான் நடிகர்களோடு வாழ்கிறேன். நாகமுத்து என்ற இந்த மனிதரைப்போல் மோசமான நடிகரை நான் பார்த்ததில்லை. காத்திருக்கும்போது உதட்டால் எண்ணுகிறார். எந்த நடிகனும் அதை மறைப்பான். அவருக்கு மறைக்கத் தெரியவில்லை. ஏழு எண்ணியது எங்கள் பொய். உடனே அடித்தது அவருடைய உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவரால் வாழ முடியவில்லை, அதனால்தான் எங்கள் பொய்யை அவ்வளவு இலகுவாகப் படித்தார். அவர் கேட்கும் கடதாசியைக் கொடுத்துவிடுங்கள். என்னிடம் உங்கள் முத்திரை இல்லை. என்னுடையதை வைக்கிறேன்."

அடியில் அவருடைய சிவப்புச் சதுர முத்திரையை அழுத்திக் குத்தினார். மூன்று வாரத்தில் இறந்துபோனார்.

கடிதம் அகதி அலுவலகத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. அங்கே ஜப்பானியம் வாசிக்க யாருமில்லை. ஜப்பானிலிருந்து அகதிகள் வருவதில்லை. அனுப்பியவர் பெயரைப் பார்த்த ஹெர் ஓபர்மான், கலை ஆர்வலர் அல்லவா, பொறுப்புள்ள இடத்துக்குச் சேரட்டும் என்று அதை நாடக அரங்கத்துக்கு அனுப்பினார். அரங்கம் அதை மொழிபெயர்ப்பித்தது. வெய்ட்ஸ் வாசித்துவிட்டு ஒரு மணித்தியாலம் தன் அறையில் தனியாக இருந்தாராம். வெளியே வந்து, காப்புறுதி செய்யுங்கள் என்றார்.

பங்குனி மாதம் அரங்கத்தின் முன்மண்டபத்தில் முரோதா நினைவுக் கண்காட்சி திறந்தது. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கடிதம். 'கடைசி நாடகம்: ஒரு கடிதம்' என்று மேலே எழுதியிருந்தது. வெய்ட்ஸ் திறப்புரை நிகழ்த்தினார்.

"விபரம் தெரியாத வாசகர் இதை ஒரு சிபாரிசுக் கடிதம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். முரோதாவை அறிந்த நாங்கள் அந்தப் பொறியில் விழமாட்டோம். அதிகாரியை நோக்கிப் பேசுவதுபோல் தோன்றினாலும் இது யாரை நோக்கியும் பேசவில்லை. இது எவரையும் சென்றடையக் கூடாது, அதில்தான் இதன் முழுமை இருக்கிறது. நாங்கள் அதை உறுதிசெய்திருக்கிறோம்."

கண்காட்சிக்காக 416, 417, 418 மூன்றையும் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சேதுராமன் அன்றைக்கு வரவில்லை. விசாரணைக்குப் பிறகு அவன் இந்த வேலையையே விட்டுவிட்டான். உரை ஜேர்மனில் நடந்தது. நாகமுத்து நாற்காலியில் இருந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள், பிறகு மறுபடி கண்ணாடிக்குள் பார்த்துத் தலையாட்டினார்கள். பச்சைத் துண்டுக்காரரும் வந்திருந்தார். நெடுநேரம் நின்றார், கண்ணைத் துடைத்தார்.

நாளை மறுநாள் மேன்முறையீட்டு வழக்கு. வழக்கறிஞர் கேட்ட கடிதம் இன்னும் ஒருவரிடமிருந்தும் கிடைக்கவில்லை. பாலாம்பிகை எழுதியிருந்தாள்: மேசையைப் பள்ளிக்கூடக்காரர் திருப்பிக் கேட்கிறார்களாம், மல்லிகா இப்போது நீளமாகிவிட்டாள், கால் வெளியே நிற்கிறது. நாகமுத்துவின் கோவையில் பதினான்கு கடதாசி இருந்தது. நேற்று ஒவ்வொன்றாக எடுத்து முத்திரைகளைத் தடவிப் பார்த்திருந்தார். எல்லாம் மங்கல்.

ஐந்து மணியானதும் சனம் கலைந்தது. பொருட்களுக்குப் பொறுப்பான அம்மையார் மூன்றையும் சரிபார்த்துக் கையொப்பமிட்டுவிட்டுக் கதவு பூட்டத் திறப்பெடுக்கப் போனார். நாகமுத்து எழுந்து கண்ணாடிப் பெட்டியருகே வந்தார். ஜப்பான் எழுத்து அவருக்கு என்ன தெரியும். அடியில் இருந்த சிவப்பு முத்திரையைத்தான் பார்த்தார். நாலு மூலையும் துல்லியமாக, கை நடுங்காமல், அழுத்திக் குத்தியிருந்தது. இப்படி ஒரு சீல் விழுந்த கடிதம் கைக்கு வரக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தார். யாருக்கு எழுதினதோ, அவனுக்கு வேலை முடிந்திருக்கும்.

கண்ணாடியில் விரலடையாளங்கள் நிறைய இருந்தன. சட்டைக் கையால் அதைத் துடைத்துவிட்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.